முப்பத்திரண்டாம் எண் கயிறு

ஜூன் 4 — கயிறு 27 — 25 பாகம்
ஜூன் 11 — கயிறு 28 — 25 பாகம்
ஜூன் 12 — கயிறு 29 — 20 பாகம்
ஜூன் 23 — கயிறு 30 — 25 பாகம்
ஜூலை 2 — கயிறு 31 — 20 பாகம்
ஆகத் தொகை — 115 பாகம்

மேலே இருப்பவை துறைமுகக் கயிற்றுக் கிடங்கின் ஏட்டிலிருந்து எழுத்து மாறாமல் எடுத்த வரிகள். முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த ஏட்டை நான் எழுதினேன். தொகை சரி. தேதிகள் சரி. கடைசிக் கயிற்றின் எண் மட்டும் தவறு. ஜூலை 2-ஆம் தேதி கிடங்கை விட்டுப் போன கயிறு 31 அல்ல, 32. இது எவ்வளவு பெரிய தவறு என்பது அந்தக் கயிறுகளுக்குக் குறி கட்டியவரைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

அவரைத் துறைமுகத்தில் எல்லோரும் 'ஈரக்கயிறு' என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். நான் 'அண்ணே' என்பேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, பெரிய கைகள். இருபத்தொன்பது ஆண்டுகள் கடலுக்குப் போகிறவர்களுக்காக வேலை செய்தார். ஒரு தடவைகூடக் கப்பலில் கால் வைத்ததில்லை. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போடும் பலகையில் ஒரு முறை பாதி தூரம் போய், கீழே தண்ணீரைப் பார்த்து, அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் போய்த் தூக்கி வந்தார்கள். எழுபத்தொரு வயதில், தன் வீட்டில், தன் கட்டிலில் இறந்தார்.

அவர் கட்டியது ஆழம் பார்க்கும் கயிறு. கயிற்றின் ஒரு முனையில் ஈயக்குண்டு இருக்கும். கப்பலின் பக்கவாட்டில் ஒருவர் இடுப்பில் வார் மாட்டிக்கொண்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்று, குண்டை முன்னால் வீசுவார். குண்டு தரையைத் தொட்டதும், கயிறு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்த்துக் குரல் கொடுப்பார். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அப்பி அனுப்புவார்கள். கீழே மணலா, சேறா, சிப்பியா என்பது அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கண்ணுக்குத் தெரியாத தரையைப் பற்றி அந்தக் காலத்தில் கப்பல்காரர்களுக்குக் கிடைத்த செய்தி இவ்வளவுதான்.

கயிறு வாங்க வரும் புது மாலுமிகளை அண்ணன் லேசில் விடமாட்டார்.

"பாகம்னா என்ன?" என்று கேட்பார்.

"ஆறடிங்க."

"அது எங்கேர்ந்து வந்துச்சு? ரெண்டு கையையும் விரி. இந்த விரல் நுனியிலேர்ந்து அந்த விரல் நுனி வரைக்கும். அதான் பாகம். ஈரக் கயிறைக் கைக்குக் கை இழுக்கறப்ப உன் உடம்புதான் அளவுகோல்."

"எனக்குக் கை கொஞ்சம் குட்டைங்க."

"அப்ப உன் கையை நம்பாதே. என் ஆணியை நம்பு."

கிடங்கின் தரைப் பலகையில் ஆறடிக்கு ஒன்றாகப் பதினொரு பித்தளை ஆணிகள் அடித்திருந்தார். முதல் ஆணிக்கும் கடைசி ஆணிக்கும் இடையில் பத்துப் பாகம். வாரத்துக்கு ஒரு முறை இரும்பு அளவுகோலை வைத்து அந்த ஆணிகளையே சரிபார்ப்பார். ஆணி நகராது என்று நான் சொன்னால், "பலகை நகரும்ல?" என்பார்.

குறிகள் கண்ணுக்காக இல்லை, கைக்காக. இரண்டு பாகத்தில் இரண்டு தோல்வார். மூன்றில் மூன்று தோல்வார். ஐந்தில் வெள்ளைப் பருத்தித் துணி. ஏழில் சிவப்புக் கம்பளித் துணி. பத்தில் நடுவே துளை போட்ட தோல். நடுவில் உள்ள நான்கு, ஆறு போன்றவற்றுக்குக் குறி கிடையாது. ஆழம் பார்ப்பவர் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மழையும் அலையும் முகத்தில் அடிக்கும்போது கண்ணைத் திறக்க முடியாது. தோல், பருத்தி, கம்பளி மூன்றும் தொட்டால் வெவ்வேறாக இருக்கும். விரல் மரத்துப்போனால் உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு மாலுமியையும் கண்ணை மூடச் சொல்லி, கயிற்றை உருவச் சொல்லி, குறிகளைச் சொல்ல வைத்த பிறகுதான் கொடுப்பார்.

'ஈரக்கயிறு' என்ற பெயர் வந்ததற்குக் காரணம் வேறு. புதுச் சணல் கயிறு நனைந்தால் சுருங்கும். உலர்ந்த கயிற்றில் மூன்று பாகம் அளந்து குறி கட்டினால், அது கடலில் நனைந்ததும் குறி கீழே இறங்கிவிடும். ஆள் மூன்று என்று குரல் கொடுப்பார், அங்கே மூன்று இருக்காது. இருப்பதைவிட அதிக ஆழம் காட்டும் கயிறு கப்பலைத் தரையில் கொண்டுபோய் ஏற்றும். ஆகவே அண்ணன் ஒவ்வொரு கயிற்றையும் மூன்று நாள் தொட்டியில் ஊறப் போடுவார். பிறகு ஒரு நாள் கம்பத்தில் கனம் கட்டித் தொங்கவிட்டு இழுபடச் செய்வார். ஈரம் போவதற்குள் ஆணிகளில் நீட்டி அளந்து, குறி தைப்பார். அவசரம் என்று எந்தக் கேப்டன் கத்தினாலும் நான்கு நாள் நான்கு நாள்தான். மற்ற கிடங்குகளில் வாங்கிய கயிற்றைக் கப்பலில் நனைத்து மறுபடி அளப்பார்கள். அண்ணன் கட்டிய கயிற்றை யாரும் மறுபடி அளப்பதில்லை. 'ஈரக்கயிறு கட்டினதா? சரி' என்று சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அவருக்கு இருந்த பெருமை அது. பின்னால் அவரைத் தூங்கவிடாமல் செய்ததும் அதுதான்.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றில் ஆழம் பார்க்கும் வேலை. சிரிக்காமல் பேசத் தெரியாத ஆள். அண்ணனைச் சீண்டாமல் கிடங்கை விட்டுப் போகமாட்டார்.

அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஜூலை 2 வரை இறங்கவில்லை. அன்று நண்பகலில் அந்தக் கப்பல் புறப்பட வேண்டும். அதற்கான கயிறு 31 ஊறி முடிந்து, முதல் நாளே கம்பத்தில் ஏறிவிட்டது. குறி மட்டும் பாக்கி. பக்கத்துக் கம்பத்தில், தொட்டிக்குப் போக வேண்டிய புதுக் கயிறு 32 தொங்கியது. மூன்று நாளாக விடாத மழை. கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம்.

காலை எட்டு மணிக்கு அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மைத்துனர் ஏற்கெனவே வந்து என் மேசையில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, இந்த உடம்போட எதுக்கு வந்தீங்க? பழைய கயிறே போதும்னு கேப்டன் சொல்லிட்டாரு."

"பழசு இழுபட்டுப் போச்சு. போன மாசமே பாத்தேன்."

"இழுபட்டா நல்லதுதானே? ஆழம் கம்மியா காட்டும். உங்களை மாதிரி பயந்து பயந்து போகலாம்."

"வாயை மூடு மச்சான். தலை வலிக்குது."

"அக்கா கஷாயம் குடுத்தாளா, இல்ல திட்டு மட்டும்தானா?"

அண்ணன் கம்பத்துக்குப் போய்க் கயிற்றைத் தொட்டார். எப்போதும்போல் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "ஈரம் சரியா இருக்கு" என்றார். தோளில் ஏற்றும்போது தள்ளாடினார். "நல்லா குடிச்சிருக்கு, என்னா கனம்" என்றார்.

காய்ச்சலில் கொதிக்கும் கைக்கு மழைக்காலக் கயிறு எல்லாமே சில்லென்றுதான் இருக்கும். மூன்று நாள் சாப்பிடாத தோளுக்கு எல்லாமே கனம்தான். இதை இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அன்று அங்கே இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரம் தைத்தார். மைத்துனர் கண்ணை மூடிக்கொண்டு குறிகளைச் சொன்னார், வேண்டுமென்றே ஏழாம் பாகத்தை ஐந்து என்று சொல்லி ஒரு திட்டு வாங்கினார். வால் முனையில் கட்டியிருந்த எண் வில்லையை அண்ணன் வெட்டிப் பெட்டியில் போட்டார். நான் பேனாவை எடுத்தபடி, "எண் எவ்வளவுண்ணே?" என்றேன்.

"முப்பத்தொண்ணு."

எழுதினேன். பெட்டி என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. குனிந்து பார்க்கவில்லை.

ஜூலை 7-ஆம் தேதி காய்ச்சல் விட்டு அண்ணன் வேலைக்கு வந்தார். முகம் சவரம் செய்து தெளிவாக இருந்தது. நான் ஜூன் மாத இருப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். நாள் தள்ளிப்போன வேலை அது. அவர் கம்பத்தில் தொங்கிய கயிற்றைத் தொட்டியில் போடுவதற்காகக் கழற்றினார். கழற்றியவர் நின்றுவிட்டார்.

"கணக்கரே."

குரல் சரியில்லை. எழுந்து போனேன். அவர் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் தொங்கிய மரவில்லையில் 31 என்று இருந்தது.

"இது எப்படி இங்க இருக்கு?" என்றார்.

நான் திரும்பி வந்து பெட்டியைக் கவிழ்த்தேன். ஐந்து வில்லைகள் விழுந்தன. 27, 28, 29, 30. ஐந்தாவதைத் திருப்பினேன். 32.

அண்ணன் தரையில் உட்கார்ந்தார். பலகையில் பாதி தூரம் போய் உட்கார்ந்தாரே, அதே மாதிரி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிக்கொண்டு. பிறகு, "காஞ்ச கயிறு" என்றார். "காஞ்ச கயிறைக் குடுத்து அனுப்பிட்டேன்."

"கப்பல்ல அளந்து பாப்பாங்கண்ணே."

"என் கயிறையா?"



துறைமுக அலுவலகத்துக்கு ஓடினேன். அந்தக் கப்பல் போகும் இடம் ஓர் ஆற்றுவாய்த் துறைமுகம். தந்தி கிடையாது, வழிகாட்டிப் படகும் கிடையாது. வழியில் ஓர் ஊரில் தண்ணீர் பிடிக்க நிற்கும், அங்கே தந்தி உண்டு. அன்று பகல் பதினொன்றரைக்குத் தந்தி கொடுத்தோம். மறுநாள் காலை பதில் வந்தது: கப்பல் 7-ஆம் தேதி விடியற்காலையே புறப்பட்டுவிட்டது. ஆறு மணி நேரத்தில் தவறிவிட்டது.

இதற்குள் அண்ணன் அதே மூட்டைச் சணல் கயிற்றிலிருந்து இருபது பாகம் வெட்டி, உலர்ந்தபடியே அளந்து, தொட்டியில் போட்டிருந்தார். மறுநாள் எடுத்து ஆணிகளில் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். பதினெட்டுப் பாகம், மூன்றரை அடி. எட்டரை அடி போய்விட்டது.

"மூணு பாகத்துக்கு எவ்வளவு போகும்?" என்றார். அவருக்கே தெரியும். நான் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது.

"ஒரு அடி மூணு அங்குலத்துக்கு மேல."

ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் படிந்து நீருக்கடியில் ஒரு மேடு உண்டாகும். அதை வாய்த்திட்டு என்பார்கள். அந்தத் துறைமுகத்தின் வாய்த்திட்டுக்கு ஒரு விதி இருந்தது: மூன்று தோல்வார் கையில் பட்டால் உள்ளே வரலாம், படாவிட்டால் வெளியே நங்கூரம் போட்டு நீர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று பாகம் என்றால் பதினெட்டடி. அந்தக் கப்பல் சரக்கோடு பதினேழடி அமிழ்ந்து போயிருந்தது. சுமை ஏற்றுகிற பிரிவில் கேட்டு உறுதி செய்தேன். 32-ஆம் எண் கயிற்றில் மூன்று தோல்வார் கையில் படும்போது, அங்கே பதினாறே முக்கால் அடி தண்ணீர்கூட இருக்காது.

ஆழம் பார்ப்பவர் எங்கே நிற்பார் என்பதை முன்பே சொன்னேன். கப்பல் தரை தட்டினால் முதலில் விழுகிறவர் அவர்.

ஜூலை 9-ஆம் தேதி தபால் நீராவிக் கப்பல் ஒன்று அதே துறைமுகத்துக்குப் புறப்பட இருந்தது. எட்டு நாளில் சேரும், அதாவது 17-ஆம் தேதி. பாய்மரக் கப்பல் 18-ஆம் தேதி சேர வேண்டும். ஒரு நாள் மிச்சம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் கேப்டனுக்கு எழுதினேன்: கயிறு உலர்ந்தபடி குறி கட்டப்பட்டது, தவறு முழுக்க என்னுடையது, நனைத்து மறுபடி அளக்கவும், அதுவரை நம்ப வேண்டாம். எண்களை இரண்டு தடவை எழுதச் சொன்னார். ஒருமுறை இலக்கத்தில், ஒருமுறை எழுத்தில்.

வீட்டில் சொல்ல அவரால் முடியவில்லை. "நீங்களும் வாங்க" என்றார். 9-ஆம் தேதி மாலை இருவரும் போனோம். அண்ணி அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் நின்றபடியே சொன்னார். மூன்றே வாக்கியம். அண்ணி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்னிக்குத் தெரிஞ்சுது?"

"ஏழாந் தேதி."

"ரெண்டு நாளா என்கூட உக்காந்து சாப்பிட்டீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கணக்கு எழுதறவரு. அவரு காய்ச்சல்ல ஒளறினா அப்படியே எழுதிடுவீங்களா? குனிஞ்சு ஒரு தடவை பாக்க மாட்டீங்களா?"

"தப்புதான் அண்ணி."

"தப்புதான்" என்றார் அவரும். பிறகு, "சுத்தி வளைக்காம சொல்லுங்க. வருவானா?"



மறுநாள் முதல் அண்ணி கிடங்குக்கு வர ஆரம்பித்தார். காலையில் வந்து தொட்டிக்குப் பக்கத்தில் பெட்டி ஒன்றில் உட்காருவார். இரண்டாம் நாள் 31-ஆம் எண் கயிற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அண்ணன் அதற்கு அன்றுதான் குறி கட்டி முடித்திருந்தார்.

"இது என்ன?"

"ரெண்டு பாகம்."

"இது?"

"மூணு."

"இது கையில பட்டா உள்ள போவானா?"

"ஆமா."

அண்ணி அந்த மூன்று தோல்வாரையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "பட்டதும் என்ன சொல்லுவான்?"

"மூணுன்னு சத்தமா குரல் குடுப்பான். சுக்கான் பிடிக்கிறவனுக்குக் கேக்கணும்."

"அவனுக்குத்தான் ஊருக்கே கேக்குற தொண்டையாச்சே" என்றார் அண்ணி.

அண்ணனுக்குக் காற்றின் மேல் பயம் வந்தது. துறைமுக அலுவலகக் கொடி கிடங்கு வாசலிலிருந்து தெரியும். அது தளர்ந்து தொங்கினால் உள்ளே வந்து கொஞ்சம் வேலை செய்வார். விறைத்துப் பறந்தால் வாசலிலேயே நிற்பார். 11, 12, 13 ஆகிய மூன்று நாளும் கொடி தளரவே இல்லை. கப்பல்காரர்கள் எல்லோரும், "என்னா காத்து, இப்படி அடிச்சா ரெண்டு மூணு நாள் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மிச்சமாகிற அந்த இரண்டு மூன்று நாளும் கடிதத்துக்கு முன்னால் கப்பலைக் கொண்டுபோய்விடும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

வேலையிலும் தன் கையை நம்புவதை விட்டுவிட்டார். கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கணக்கரே, இங்க வாங்க, இது ஈரமா?" என்பார். நான் ஈரம் என்றாலும் போதாது. துலாக்கோலால் எடைபோட்டுப் பார்ப்பார். ஓய்வு பெறும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு முறை தான் குடிக்கும் தண்ணீர்க் குவளையை என்னிடம் நீட்டி, "சில்லுனு இருக்கா?" என்று கேட்டார். நான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "இருக்குண்ணே" என்றேன்.

ஜூலை 26-ஆம் தேதி தபால் கப்பல் திரும்பி வந்தது. கேப்டனிடமிருந்து ஒரு கடிதம். 17-ஆம் தேதியிட்டது. அதை இங்கே சுருக்காமல் தருகிறேன்.

'காற்று நன்றாக இருந்ததால் 15-ஆம் தேதி முற்பகலிலேயே வாய்த்திட்டை அடைந்தோம். கன மழை. ஆழம் பார்த்தவர் மூன்று என்று இரண்டு முறை குரல் கொடுத்தார். உள்ளே திருப்பினேன். கப்பல் தட்டியது. அடுத்த அலையில் மறுபடி தட்டி, திட்டைக் கடந்து ஆற்றுக்குள் வந்துவிட்டது. முதல் மோதலில் ஆழம் பார்த்தவரின் இடுப்பு வார் அறுந்து அவர் தண்ணீரில் விழுந்தார். படகு இறக்கி மாலைவரை தேடினோம், மறுநாளும் தேடினோம். ஆற்றின் இழுப்பு கடலை நோக்கி இருந்தது. இதுவரை கிடைக்கவில்லை. மற்ற பதினொருவரும் நலம். தங்கள் கடிதம் இன்று காலை கைக்கு வந்தது.'

நான்தான் படித்தேன். படித்து முடித்ததும் அண்ணன் கிடங்கின் பின்பக்கம் போனார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அண்ணி கடிதத்தை வாங்கி, எழுத்துக் கூட்டி, தானே ஒரு முறை படித்தார். 'இதுவரை' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இதுவரைன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா அண்ணி."

"அப்ப இன்னும் எழுதுவாங்க."

அடுத்த தபால் ஆகஸ்ட் 2. அன்று மூன்று பேரும் அஞ்சல் அலுவலகத்துக்கே போய்விட்டோம். தபால்காரர் பையைக் கொட்டிப் பிரித்தார். கிடங்குக்கு மூன்று உறைகள் வந்தன, மூன்றும் சணல் வியாபாரிகளிடமிருந்து. "இன்னொரு தடவை பாருங்க" என்றார் அண்ணி. பார்த்தார். "பைக்குள்ள ஒட்டிக்கிட்டிருக்கும்" என்றார் அண்ணி. தபால்காரர் பையைத் திருப்பி உதறிக் காட்டினார்.

அந்த வாரம் அண்ணன் கிடங்கு அதிகாரிக்கு எழுத்தில் அறிக்கை கொடுத்தார். நான் ஏட்டில் தவறான வரியை அடிக்கவில்லை, சுரண்டவும் இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில் '32 என்று வாசிக்க; வில்லையைப் பார்க்காமல் எழுதினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி இரண்டையும் படித்துவிட்டு, முடிவு தெரிந்த பிறகு பார்க்கலாம் என்றார். எந்த முடிவு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அண்ணனும் அண்ணியும் பேசிக்கொள்வது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. சண்டை இல்லை. அண்ணி சோறு கொண்டுவந்து வைப்பார், அண்ணன் சாப்பிடுவார். ஒரு நாள் என் எதிரிலேயே அண்ணன், "நான் வேணும்னு செய்யல" என்றார். "தெரியும்" என்றார் அண்ணி, "அதனாலதான் உங்களைத் திட்டக்கூட முடியல. திட்ட முடிஞ்சா எனக்குக் கொஞ்சம் நல்லா இருக்கும்." அண்ணன், "திட்டேன்" என்றார். அண்ணி தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த தபால் கப்பல் வந்த நாள் அண்ணன் அஞ்சல் அலுவலகத்துக்கு வர மறுத்துவிட்டார். வாசலில்கூட நிற்கவில்லை. தொட்டிக்குப் பின்னால், வெளிச்சம் வராத மூலையில், கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்திருந்தார். அண்ணி பக்கத்தில் தன் பெட்டியில். நான் மேசையில். பகல் இரண்டு மணிக்குத் தபால்காரர் தானே நடந்து வந்தார். அவர் வழக்கமாக வருகிற நேரம் அது இல்லை.

"உங்களுக்கு ஒண்ணு இருக்கு" என்று அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. நான் வாங்கினேன். உறை அந்த ஆற்றுவாய்த் துறைமுகத்திலிருந்து வந்திருந்தது. முகவரி எழுதிய கை எனக்குத் தெரியாத கை. கேப்டனுடையது இல்லை. மைத்துனருடையதும் இல்லை, அவருடைய கோழிக்கிறுக்கல் எனக்கு நன்றாகத் தெரியும். பின்பக்கம் மருத்துவமனை முத்திரை இருந்தது.

"யார் எழுத்து?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி."

"பிரிங்க."

"வேண்டாம்" என்றார் அண்ணன் மூலையிலிருந்து. "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

"ஒரு மாசமா அப்படியேதான் இருக்கு. பிரிங்க கணக்கரே."

கத்தரியை எடுத்தேன். உறையோடு கடிதத்தின் ஓரமும் வெட்டுப்பட்டது. முதல் வரியைப் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு உரக்கப் படித்தேன்.

'அக்காவுக்கு. வலது கை கட்டுப் போட்டிருப்பதால் இங்கே உள்ள எழுத்தர் எழுதுகிறார், நான் சொல்கிறேன். அவர் நல்ல மனிதர், நான் சொல்கிற கெட்ட வார்த்தைகளை மட்டும் எழுத மாட்டேன் என்கிறார். என்னை இழுப்பு அக்கரைச் சேற்றில் கொண்டுபோய்ப் போட்டது. விறகு வெட்டுகிறவர்கள் எடுத்தார்கள். எத்தனை நாள் நினைவில்லாமல் கிடந்தேன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவர்களிடம் தேதி கிடையாது. இங்கே படகில் கொண்டுவந்து சேர்த்தது 27-ஆம் தேதி. கை முறிந்திருக்கிறது, ஒரு காலும். கால் கூடும் என்கிறார்கள், கை பழையபடி வராதாம். மாமாவின் கடிதத்தைக் கேப்டன் என்னிடம் காட்டினார். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு நாள் இருந்தது. இனிமேல் ஆழம் பார்க்கும் வேலைக்கு நான் போக முடியாது. அதை அவரிடம் நான் நேரில் சொல்ல வேண்டும், நீ சொல்லாதே. வருகிற செப்டம்பரில் ஊருக்கு அனுப்புவார்களாம். அதுவரை எழுத மாட்டேன், எழுத்தருக்கு வேறு வேலை இருக்கிறது.'

நீ சொல்லாதே என்றதையும் சேர்த்து உரக்கப் படித்துவிட்டேன். அண்ணன் சுருளிலிருந்து எழுந்து வெளிச்சத்துக்கு வந்தார். அண்ணி அவர் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியில் உட்கார வைத்தார். இருவரும் அழுதார்கள். நான் ஏட்டைத் திறந்து தபால் வரவுப் பக்கத்தில், என் புது வழக்கப்படி, உறையைக் கையில் வைத்துப் பார்த்துப் பதிவு செய்தேன்.

கடிதம் ஒன்று. பெறப்பட்டது ஆகஸ்ட் 9.